தோளுக்கு ஏற்ற பை: திருமலைக்கு நடக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆரணி பக்கத்து ஊர்களிலிருந்து சித்தூர் வழியாகத் திருமலைக்கு நடந்து வரும் பாதயாத்திரைக் குழுவினர் அனைவருக்கும்,



ஆவணி பிறந்ததுமே உங்கள் ஊர்களில் பேச்சு தொடங்கிவிடும். புரட்டாசியில் எந்தச் சனிக்கிழமை மலைக்குப் போய்ச் சேருவது, கூட வரும் வண்டிக்கு யாரைக் கேட்பது, சமையலுக்கு யார் பொறுப்பு, முதல் இரவு எங்கே தங்குவது என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறீர்கள். மஞ்சள் வேட்டியும் சேலையும் எடுத்தாகிறது. மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாகிறது. முதுகில் தொங்கப்போகும் பையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு பரண்மேல் தேடி எது கையில் அகப்படுகிறதோ அதில் துணிகளைத் திணித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறீர்கள். அந்தப் பையைப் பற்றி உங்களிடம் பேசவே இந்த மடல்.

நான் சித்தூரில் வாழ்பவன். இதே சாலையில் மலைக்கு நடந்திருக்கிறேன். புரட்டாசி வந்தால் சாலையோரத் தண்ணீர்ப் பந்தலில் நிற்பேன். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டியும் பரதராமி பக்கத்திலிருந்தும் நீங்கள் வந்து சேரும்போது உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்திருக்கிறேன். தோள்பட்டை அறுக்காமல் இருக்கப் பட்டைக்கடியில் கட்டைவிரலைக் கொடுத்துப் பிடித்தபடி பலர் வருகிறார்கள். தோளில் வலி தாங்காமல் பையைத் தலைக்கு மாற்றிக்கொண்ட அம்மாக்கள் வருகிறார்கள். ஒற்றைத் தோளில் மாட்டி இடுப்பை ஒருபக்கம் சாய்த்து நடக்கும் தம்பிகள் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது காலுக்குத் தடவ எண்ணெய். காலில் ஏறிய வலியில் ஒரு பங்கு தோளிலிருந்து இறங்கியது என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

வேண்டுதல் கால்களுக்கு உரியது. வெயிலையும் தூக்கக் குறைவையும் கொப்புளத்தையும் ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறீர்கள். பொருந்தாத பை தரும் வலி அந்த நேர்த்திக்கடனில் சேராது. அதைத் தாங்குவதால் பெருமாளுக்குக் கூடுதலாக எதுவும் போய்ச் சேர்வதில்லை. அந்த வலியைத் தவிர்த்தால் மிச்சமாகும் பலம் கடைசிப் படி வரைக்கும் துணைக்கு வரும். பக்கத்தில் தளர்ந்து நடப்பவருக்குக் கை கொடுக்கவும் உதவும்.

சுமப்பதே பக்தி அல்லவா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. சுமையில் பக்தி உண்டு, மறுக்கவில்லை. பெரிய திருமலை நம்பி நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து திருமஞ்சனத்துக்குத் தீர்த்தக் குடம் சுமந்து வந்தார் என்பது வைணவ மரபு சொல்லும் செய்தி. பழநிக்குப் போகிறவர் காவடி சுமக்கிறார். சபரிமலைக்குப் போகிறவர் இருமுடி சுமக்கிறார். நீங்கள் காணிக்கை முடிப்பைச் சுமக்கிறீர்கள். இவையெல்லாம் சாமிக்கென்று சுமப்பவை. போகிற வழியில் வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் திணித்த நான்காவது சட்டையும் இரண்டாவது ஜமுக்காளமும் அந்தக் கணக்கில் வரமாட்டா. எது காணிக்கை, எது பயம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பை தேர்ந்தெடுப்பதன் முதல் வேலை.

பாதையின் கணக்கைப் பாருங்கள். வேலூரிலிருந்து சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர். சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, பாகாலா பக்கம், சந்திரகிரி வழியாகத் திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். காணிப்பாக்கம் விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடும். ஓரடிக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் இந்த நூற்றைந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை லட்சம் அடிகள். பையில் ஒரு கிலோ அதிகமாக இருந்தால் அந்த ஒரு கிலோவை ஒன்றரை லட்சம் தடவை காலில் தாங்குகிறீர்கள். அதற்குப் பிறகு மலை இருக்கிறது. சந்திரகிரியை அடுத்த ஸ்ரீநிவாசமங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள். அலிபிரி வழியில் 3,550 படிகள். கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்குமேல் இருக்கிறது திருமலை. 1944இல் முதல் மலைச்சாலை திறக்கும்வரை மேலே போன அனைவரும் நடந்தோ டோலியிலோதான் போனார்கள். துணி மூட்டையோடும் கட்டுச்சோற்றோடும் ஏறிய அவர்கள் மூட்டை சிறியது. சிறியதாக வைத்துக்கொண்டதால்தான் ஏறினார்கள்.

எவ்வளவு எடை சரி? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா தேவாலயத்துக்கு வாரக்கணக்கில் நடக்கும் யாத்திரிகர்களும் அதே பத்தில் ஒரு பங்கைத்தான் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆறு கிலோ. இதில் பையின் எடையும் தண்ணீரின் எடையும் சேர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். அறுபது வயதைக் கடந்தவர்களும், மூட்டு வலியோ முதுகு வலியோ உள்ளவர்களும் அந்த ஆறையும் நான்காகக் குறைத்துக்கொள்வது நல்லது.

சில யாத்திரைகளில் குறைக்க முடியாது. இலங்கையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கு மாகாணத்திலிருந்தும் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் குமண, யால காடுகளுக்குள் போகிறார்கள். அங்கே உணவையும் சுமக்கத்தான் வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு நடக்கும் வார்க்கரிகளுக்குக் குழுவின் லாரி மூட்டைகளைத் தூக்கி வருகிறது. நம் சாலை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சில கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை, ஒரு மெடிக்கல் ஷாப், ஓர் ஊர் வந்துவிடுகிறது. புரட்டாசியில் அன்னதானப் பந்தல்களும் நீர்மோர்ப் பந்தல்களும் இருக்கின்றன. பல குழுக்களோடு ஒரு குட்டியானை வண்டியும் வருகிறது. ஆகவே நம் பையில் சோறு வேண்டாம், அரிசி வேண்டாம், ஐந்து லிட்டர் தண்ணீர் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் போதும். தீர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

முதலில் தரையில் ஒரு பாயை விரித்து, கொண்டு போக நினைப்பதையெல்லாம் அதன்மேல் பரப்புங்கள். உடுத்தியது போக நடக்க ஒரு மாற்றுடை, தரிசனத்துக்கென்று மடித்து வைத்த வேட்டியோ சேலையோ ஒன்று, துண்டு, மெல்லிய போர்வை, தண்ணீர்ப் பாட்டில், டார்ச், போன் சார்ஜர், மாத்திரைகள், சிறிய மருந்துக் கட்டு, ஆதார் அட்டை, காணிக்கை முடிப்பு, கொஞ்சம் கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ. வண்டி கூட வருகிறதென்றால் போர்வையும் தரிசன உடையும் வண்டிக்குப் போய்விடும். மீதியைத் தொட்டுத் தொட்டு, இது இல்லாவிட்டால் வழியில் வாங்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அது வீட்டிலேயே இருக்கட்டும். கடைசியில் எஞ்சுவதை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பையைக் கையில் எடுக்க வேண்டும். பையை முதலில் வாங்கினால் அது நிரம்பும்வரை மனம் அடங்காது. பெரிய பை பெரிய சுமையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கடைகளில் பையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். வண்டி துணைக்கு வரும் குழுக்களில் நடப்பவருக்கு 20 முதல் 25 லிட்டர் பை போதும். வண்டி இல்லாதவர்களுக்கு 30, மிஞ்சிப்போனால் 35. மலையேற்றக்காரர்கள் தூக்கும் 60 லிட்டர் பையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது கூடாரமும் அடுப்பும் சுமக்கிறவர்களுக்கு ஆனது. காலியாக இருக்கும்போதே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும்.

இனி உடலோடு பொருத்திப் பார்க்கும் வேலை. தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். இடுப்பில் கை வைத்தால் கட்டைவிரலுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள முதுகின் நீளம்தான் உங்கள் பையின் அளவு. உயரமானவருக்கு முதுகு நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கால் நீண்டு முதுகு குட்டையாக இருப்பவர்கள் நிறையப் பேர். பெண்கள் பலருக்கு முதுகு குட்டைதான். அதனால் வீட்டில் வேறொருவருக்குச் சரியாக இருக்கும் பை உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஒரு தையல் டேப்பும், அளக்க ஒருவரும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த விலையில்லாப் பையை அப்பாக்கள் தோளில் போட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அது பிள்ளையின் முதுகை நினைத்துச் செய்த பை. பெரியவர் முதுகில் அது தோளெலும்புகளுக்கு நடுவே ஏறி நின்றுகொண்டு கழுத்தைப் பின்னால் இழுக்கும். நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் இலவசமாகக் கிடைக்கும் கயிற்றுப் பை இதைவிட மோசம். அதன் கயிறு தோளில் கோடு போட்டதுபோல் இறங்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கைக்குப் போகும் நரம்புக் கற்றை ஒன்று இருக்கிறது. பல மணி நேரம் அங்கே அழுத்தம் விழுந்தால் கை மரத்துப்போகும், விரல்களில் வலு குறையும். ராணுவ வீரர்களிடமும் மலையேறுகிறவர்களிடமும் மருத்துவர்கள் கண்டு எழுதிய பாதிப்பு இது. நடக்கும்போது கை மரத்துப்போனால் உடனே பையை இறக்கி வைத்துவிடுங்கள்.

தோள்பட்டை குறைந்தது மூன்று விரல் அகலமாவது இருக்க வேண்டும். உள்ளே பஞ்சு போன்ற மெத்தை இருக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் முழுக்க அமுங்கிவிடக் கூடாது. பட்டை பையோடு சேரும் இடத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். சதுரமாகவும் அதற்குள் குறுக்காகவும் தைத்திருந்தால் தாங்கும். ஒற்றைத் தையல் என்றால் பாகாலா தாண்டுவதற்குள் பிய்ந்துவிடும். மார்புக்குக் குறுக்கே மாட்டும் சிறு பட்டை இருந்தால் தோள்பட்டைகள் வெளிப்பக்கமாக நழுவாது. கட்டைவிரலைக் கொடுத்துப் பிடிக்கும் வேலை இருக்காது. மூச்சு இழுக்கத் தடையில்லாத அளவுக்குத் தளர்வாக அதை மாட்ட வேண்டும். பையின் அடிப்பாகம் இடுப்புக் குழியில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இடித்துக்கொண்டே வரும்.

இடுப்புப் பட்டையைப் பற்றித்தான் நம் குழுக்களில் தெரியாதவர்கள் அதிகம். மெத்தை வைத்த அகலமான இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின்மேல் இறுகி உட்கார்ந்தால் சுமையின் பெரும்பகுதி தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். இடுப்பும் தொடையும் தோளைவிடப் பல மடங்கு வலுவானவை. நான்கு கிலோவுக்குள் சுமப்பவருக்கு இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால், அதுவும் வயதானவர் என்றால், இடுப்புப் பட்டை இல்லாத பையை வாங்க வேண்டாம். வெறும் நாடாவாக இருப்பது பை ஆடாமல் பிடிக்கும், அவ்வளவுதான், சுமை தாங்காது.

கடைக்காரர்கள் இந்தப் பைகளைப் பேன்ட் சட்டை போட்டவரை நினைத்துத்தான் விற்கிறார்கள். நாம் வேட்டியிலும் சேலையிலும் நடக்கிறோம். வேட்டியின் மடிப்பும் அரைஞாணும் இடுப்புப் பட்டைக்கடியில் சிக்கினால் ஒரு நாளில் தோல் வழன்றுவிடும். மடிப்பைச் சற்றுக் கீழே இறக்கிப் பட்டையை எலும்புக்குமேல் வைத்துக் கட்டிப் பாருங்கள். சேலை கட்டும் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முந்தானையைத் தோளில் நிறுத்தக் குத்தும் ஊக்குக்குமேல் பையின் பட்டை ஏறினால் அது தோளுக்குள் இறங்கும். ஊக்கைப் பட்டைக்கு முன்னால், மார்புப் பக்கம் குத்துங்கள். கொசுவத்தின்மேல் இடுப்புப் பட்டையை இறுக்கினால் நடக்க நடக்கக் கொசுவம் மேலேறும். கொக்கி கொசுவம் செருகிய இடத்தைவிடச் சற்று உயரே வருமாறு போடுங்கள். தாலிக் கயிறோ சங்கிலியோ பட்டைக்கடியில் உரசினால் கழுத்துப் பக்கம் ஒரு பருத்தித் துணியை மடித்து வையுங்கள். கடையில் பை பார்க்கப் போகும்போதே நடக்கப்போகும் உடையில் போங்கள். வெறும் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் நன்றாகத்தான் இருக்கும். நான்கு கிலோ அரிசியைப் பொட்டலமாகக் கொண்டுபோய் உள்ளே வைத்துக் கால் மணி நேரம் நடந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். சித்தூர்ப் பக்கத்தில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். காலையில் தார்ச்சாலை கொதிக்கும். மாலையில் இடி மின்னலோடு ஒரு பாட்டம் மழை கொட்டும். ரெக்சின் பை மழையைத் தாங்கும், ஆனால் கனம். முதுகில் வியர்வையைக் கட்டிவைத்து வேர்க்குரு வரவழைக்கும். தடித்த கேன்வாஸ் நனைந்தால் தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும். நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியஸ்டர் பை, முதுகுப் பக்கம் காற்றுப் போகும் வலைத்துணி வைத்ததாக இருந்தால் இந்தக் காலத்துக்குச் சரி. மழை உறை கூடவே வரும் பைகள் உண்டு. இல்லாவிட்டால் பையையும் சேர்த்து மூடும் அகலமான மழைக்கோட்டு ஒன்று போதும். ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் சிக்காமல் ஓடும்.

உள்ளே பொருள்களைப் பாலிதீன் உறைகளில் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். திருமலையில் பிளாஸ்டிக் உறைகளுக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் தடை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியது. அந்த மஞ்சப்பை இங்கே நன்றாக உதவும். உடைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, அழுக்குத் துணிக்கு ஒன்று என்று மூன்று சிறிய துணிப்பைகளைப் பெரிய பைக்குள் வைத்தால் இருட்டிலும் தேடாமல் எடுக்கலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கனமானதை முதுகை ஒட்டி, பையின் நடுப்பகுதியில் வையுங்கள். துணி அடியில். அடிக்கடி வேண்டியது மேலே. கனம் வெளிப்பக்கமாகப் போனால் பை பின்னால் இழுக்கும்; அதைச் சமன் செய்ய நீங்கள் முன்னால் குனிவீர்கள்; சாயங்காலம் நடுமுதுகு வலிக்கும். தண்ணீர்ப் பாட்டிலை ஒரே பக்கம் சொருகினால் எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஈடாக ஏதாவது இருக்கட்டும்.

வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறீர்கள். பூதலப்பட்டு – நாயுடுபேட்டை நெடுஞ்சாலையில் வண்டிகள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். தைப்பூசக் காலத்தில் பழநிச் சாலையில் போலீஸார் பக்தர்களின் பைகளில் ஒளிரும் பட்டைகளை ஒட்டிவிடுவார்கள். யாரும் ஒட்டிவிடக் காத்திருக்காமல் வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோமொபைல் கடைகளில் அந்தப் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. பையின் பின்பக்கம் மட்டும் ஒட்டினால் போதாது. நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக நடப்பதே பாதுகாப்பு. அப்படி நடக்கும்போது ஓட்டுநர் பார்ப்பது உங்கள் மார்பை. ஆகவே தோள்பட்டைகளின் முன்பக்கமும் ஒட்டுங்கள். பை வாங்கும்போது கறுப்பையும் கருநீலத்தையும் தவிர்த்து மஞ்சளோ ஆரஞ்சோ எடுத்தால் இன்னும் நல்லது.

குழுவோடு வண்டி வந்தாலும் மூன்று பொருள்கள் வண்டிக்குப் போகக் கூடாது. தண்ணீர், அன்றாட மாத்திரைகள், உங்கள் விவரம் எழுதிய அட்டை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்று நம் குழுக்களில் ஏராளம். வண்டி பத்துக் கிலோமீட்டர் முன்னால் போய்ச் சமைத்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மயக்கம் வந்தால் அதிலுள்ள மாத்திரை எதற்கு உதவும்? அட்டையில் பெயர், ஊர், இரத்த வகை, சாப்பிடும் மருந்து, வீட்டுத் தொலைபேசி எண், குழுத் தலைவரின் எண் இருக்கட்டும். ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் எழுதுங்கள். சித்தூரில் தமிழ் படிப்பவர் கிடைப்பார். பூதலப்பட்டு தாண்டி ஓடிவந்து தூக்குகிறவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

மலையடிவாரம் வந்தபின் ஒரு முக்கியமான வசதி இருக்கிறது. அலிபிரியிலும் ஸ்ரீவாரி மெட்டிலும் பைகளை ஒப்படைத்தால் தேவஸ்தானமே இலவசமாக வண்டியில் ஏற்றி மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. இதைத் தெரிந்தும் பலர் கொடுப்பதில்லை. தொலைந்துவிடுமோ என்ற பயம். நூறு கிலோமீட்டர் நடந்து ஓய்ந்த முழங்கால்கள் படியேறும்போது சுமை இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஒருமுறை ஏறினால் உணர்வீர்கள். பூட்டுப் போட வசதியுள்ள ஜிப் பையாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் எண்ணும் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான பைகளிலும் மஞ்சள் துணி கட்டியிருக்கும் என்பதால் உங்கள் குழுவுக்கென்று வேறொரு நிறத்தில் ஒரு நாடா கட்டுங்கள். கொடுக்கும் ரசீதையும் ஆதார் அட்டையையும் காணிக்கை முடிப்பையும் இடுப்பில் கட்டும் சிறு பையில் வைத்துக்கொண்டு மற்றதை ஒப்படைத்துவிடுங்கள். தரிசன வரிசைக்குள் பெரிய பையும் செல்போனும் விடமாட்டார்கள் என்பதால் அங்கும் அந்தச் சிறு பைதான் உதவும்.

கைகள் இரண்டும் விடுபட்டிருக்க வேண்டும் என்பதற்கு இப்போது இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுக் குழந்தை உயிரிழந்தது. அதன்பின் குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் நடைபாதையில் அனுமதிப்பதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது; பக்தர்களுக்குக் கைத்தடியும் கொடுத்தது. விதிகள் அவ்வப்போது மாறும்; புறப்படுமுன் தேவஸ்தான அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் ஒரு கையில் தடியும் மறுகையில் பிள்ளையின் கையும் இருக்க வேண்டிய இடம் அது. கையில் தூக்கும் பையோ தோளிலிருந்து நழுவும் ஜோல்னாவோ அங்கே வேண்டாம். பிள்ளைகள் தோளில் எதையும் ஏற்றாதீர்கள். அவர்கள் நடந்து வருவதே போதும்.

இதெல்லாம் புதுப்பை வாங்கச் சொல்லும் செலவுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பை முதுகின் அளவுக்குப் பொருந்தினால் அதுவே போதும். ஒவ்வோர் ஊரிலும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பையும் செருப்பும் தைக்கிறவர் இருப்பார். அவரிடம் கொடுத்துத் தோள்பட்டைக்கு மெத்தை வைக்கலாம், மார்புப் பட்டை தைக்கலாம், பிய்யும் நிலையில் உள்ள தையலை இரட்டிப்பாக்கலாம், ஜிப் மாற்றலாம். புதுப்பையின் விலையில் சிறு பங்குதான் ஆகும். அவருக்கும் ஒரு வருமானம்.

குழுத் தலைவர்களே, உங்களிடம் தனியாகச் சில வேண்டுகோள்கள். புறப்படுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கட்டிய பையோடு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க வையுங்கள். பை உரசும் இடமும் அறுக்கும் இடமும் அன்றே தெரிந்துவிடும். மாற்ற நேரமும் இருக்கும். கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை பஜனை நடக்கும் இடத்திலேயே ஒரு தராசை வைத்து எல்லாப் பைகளையும் நிறுத்துப் பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதை அங்கேயே இறக்கி வையுங்கள். தலைவரின் பையை முதலில் நிறுத்தால் மற்றவர்கள் வெட்கப்படமாட்டார்கள். கொப்புளத்துக்கான மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கட்டுத்துணி இவற்றை ஆளுக்கொரு கட்டாக வைக்காமல் பொதுவாக வைத்து, முன்னால் நடப்பவர் ஒருவரிடமும் கடைசியில் நடப்பவர் ஒருவரிடமும் கொடுங்கள். கடைசியில் வருகிறவருக்குத்தான் அவை அதிகம் தேவைப்படும்.

ஒவ்வொரு குழுவிலும் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வருகிற அம்மா ஒருவர் இருப்பார். நல்ல பை அவர் வாங்கும் பட்டியலில் வரவே வராது. கிழிந்த கட்டைப்பையைத் தலையில் வைத்து ஒன்றரை லட்சம் அடிகளும் நடப்பார். யாரிடமும் சொல்லவும் மாட்டார். மாலைக்கும் பேனருக்கும் ஒலிபெருக்கிக்கும் வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அப்படிப்பட்டவர்களுக்கு அளவெடுத்துப் பை வாங்கிக் கொடுங்கள். சென்ற ஆண்டு நடந்து இந்த ஆண்டு வர முடியாதவர்களின் பைகளை வாங்கி வைத்து, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுங்கள். திருமலை நம்பி குடம் சுமந்தது ஒரு கைங்கர்யம். கூட நடக்கிறவர் தோளிலிருந்து இரண்டு கிலோவை இறக்கி வைப்பதும் அதற்குக் குறைந்ததல்ல.

இந்தப் புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் கூடிப் பேசும்போது வண்டிக்கும் சமையலுக்கும் அடுத்தபடியாகப் பையையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சித்தூரிலிருந்து உங்கள் சக யாத்திரிகன்